குப்பனூர் வழியில் ஒரு கப்பல்

போனுக்குள் அபாயச் சங்கு அலறியது.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அந்த ஓலம் பாறை முழுக்கப் பரவியது. கவிதா போனை நீட்டிப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற கமலா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, என்ன சத்தமுங்க அது?"

"ஹெலிகாப்டர் மறுபடியும் வருது. எல்லாத்தையும் உள்ள போகச் சொல்றாங்க." மறுமுனையில் சிவக்குமார் மூச்சிரைக்கப் பேசினான். "கவிதா, நல்லாக் கேட்டுக்க. நாங்க சேலத்து ரோட்டுல இல்ல. குப்பனூர் வழியா ஏறி, கொட்டச்சேட்டுல ஒதுங்கி நிக்கறோம். புரியுதா?"

"புரியுதுங்க."

"தண்ணி நொம்பக் கம்மியாயிருச்சு. ஆளுக்கு ஒரு டம்ளர்தான். கமலாக்காகிட்டச் சொல்லு, சதீசு..."

தொடர்பு அறுந்தது. சங்கின் ஓலம் மட்டும் காதுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது.

மஞ்சக்குட்டையில் அந்தப் பாறை மேல் ஏறினால்தான் ஒழுங்காக சிக்னல் கிடைக்கும். இரண்டு பெண்களும் தினமும் மத்தியானம் அங்கே வந்து நின்றார்கள். கவிதாவின் கணவன் சிவக்குமார், எண்ணெய்க் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை. கமலாவின் ஒரே மகன் சதீஷ், அதே கப்பலில் சுக்கான் பிடிப்பவன். காப்பி எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த பையனைக் கடலுக்குக் கூட்டிப்போனது சிவக்குமார்தான்.

கப்பல் எந்த ரோட்டிலும் இல்லை. எங்கோ ஒரு தூரக் கடலில், தீவுக் கூட்டம் ஒன்றின் மறைவில் நின்றது. இருக்கும் இடத்தை வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்று கேப்டன் உத்தரவு. போனில் பேசும்போது ஒரு அதிகாரி பக்கத்திலேயே நிற்பார். கடந்த விடுமுறையில் சிவக்குமார் மகள் ஹரிணியின் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பெண்களுக்கும் கப்பல் வழக்கமாகப் போகும் வழியில் இருந்த அந்தத் தீவுகளைக் காட்டியிருந்தான். தங்கள் மலைக்கு ஏறும் இரண்டு ரோடுகளின் பெயரையும் வழியில் உள்ள ஒரு ஊரின் பெயரையும் அடையாளமாக வைத்தான். பெரிய கப்பல்கள் போகும் மேற்குக் கால்வாய் சேலத்து ரோடு. ஆழம் குறைந்த கிழக்குக் கால்வாய் குப்பனூர் ரோடு. கொட்டச்சேடு என்றால் தெற்கிலிருந்து மூன்றாவது தீவு. அப்போது அது கடல் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து வைத்த ஏற்பாடு. சிரித்துக்கொண்டேதான் வைத்தார்கள்.

இப்போது துரத்துவது கொள்ளைக்காரர்கள் இல்லை. ஒரு நாடு.

கப்பலில் இருந்தது ஒரு சின்ன நாட்டின் எண்ணெய். அதை இனிமேல் யாரும் வாங்கக் கூடாது, யாரும் ஏற்றிப்போகக் கூடாது, மீறினால் நடுக்கடலில் மறித்துப் பிடிப்போம் என்று ஒரு பெரிய நாடு திடீரென்று அறிவித்தது. ஐ.நா. சபையில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. கூட்டாளி நாடுகளைக்கூட ஒரு பேச்சுக் கேட்கவில்லை. பத்திரிகைகள் அதைத் 'தன்னிச்சை நடவடிக்கை' என்று எழுதின. அறிவிப்பு வந்தபோது சிவக்குமாரின் கப்பல் எண்ணெயை ஏற்றிக்கொண்டு பாதிக் கடல் தாண்டியிருந்தது.

உலகமே தடையைக் கண்டித்தது. ஐ.நா. சொன்னால் ஏற்போம், ஒரு நாடு தானாகப் போடும் தடையை ஏற்க மாட்டோம் என்று டெல்லியும் சொன்னது. ஆனால் தண்ணீர் கேட்டுக் கப்பல் போன ஒவ்வொரு துறைமுகமும் இடமில்லை என்றது. ஒன்று கிரேன் பழுது என்றது. இன்னொன்று பதிலே சொல்லவில்லை.

செய்தியைப் படித்துக் காட்டிய ஹரிணி கேட்டாள். "யாருமே ஒத்துக்கலீன்னா அப்புறம் ஏம்மா எல்லாரும் அவங்க சொல்றபடியே செய்யறாங்க?"



கப்பல் ஊழியர் சங்கத்தில் கமலக்கண்ணன் என்று ஒருவர் இருந்தார். சென்னையில் இருந்துகொண்டு கப்பலில் இருந்தவர்களின் குடும்பங்கள் அத்தனையையும் போன் வழியாகச் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தார். அவர் சொன்னது இது. டெல்லி மூன்று நாடுகளோடு பேசிக்கொண்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்து சம்மதித்தால் ஒரு துறைமுகம் திறக்கும். எண்ணெயை இறக்கிவிட்டு, கேப்டன் முதல் சமையல்காரர் வரை எல்லோரும் வீடு திரும்பலாம். யார் மீதும் வழக்கு இருக்காது. கப்பல் அதுவரை பிடிபடாமல் இருக்க வேண்டும். பிடிபட்டுவிட்டால் பேசுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

அதனால் ஒரு கட்டுப்பாடு. யார் போன் செய்து என்ன கேட்டாலும், மற்றவர்களைக் கேட்காமல் எந்தக் குடும்பமும் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொருவராகச் சம்மதம் சொன்னார்கள். கவிதாவும் சொன்னாள். கமலாவும் சொன்னாள்.

சங்கு அலறிய அந்த அழைப்புக்குப் பிறகு கப்பலிலிருந்து போன் வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் கமலாவுக்கு வேலை முடியவில்லை. கவிதா மட்டும் பாறையில் நின்றிருந்தாள். போன் அடித்தது. திரையில் புரியாத எண்.

ஒரு ஆணின் குரல். நல்ல தமிழ், ஆனால் எந்த ஊர் என்று சொல்ல முடியாத தமிழ். அந்தப் பெரிய நாட்டின் கடல் பாதுகாப்பு அலுவலகத்துக்காகப் பேசுவதாகச் சொன்னான். பெயர் சொல்லவில்லை.

"பயப்படாதீர்கள், கவிதா. உங்கள் மகள் ஹரிணி பிளஸ் டூ படிக்கிறார், இல்லையா? அப்பா வீடு வந்து சேர வேண்டும் என்றுதான் அவரும் நினைப்பார்."

மகளின் பெயரை இவன் எங்கிருந்து எடுத்தான்?

அவன் அவசரப்படவில்லை. மழை மேகத்தால் மேலிருந்து பார்க்க முடியவில்லை, ஆனால் கப்பலை எப்படியும் கண்டுபிடித்துவிடுவோம் என்றான். கண்டுபிடிக்கும் வரை உள்ளே இருப்பவர்களுக்குத் தண்ணீர் இருக்குமா என்பதுதான் அவன் கவலையாம். தீவுக் கூட்டம் வரை தெரியுமாம். எந்தப் பக்கம், எந்தத் தீவு என்று மட்டும் சொன்னால் போதுமாம்.

"அப்பத் தண்ணியாச்சும் கொண்டுபோய்க் குடுக்கலாமுங்களே," என்றாள் கவிதா.

"எங்கே என்று தெரிந்தால் கொடுப்போம்."

"எங்களுக்குள்ள கேட்டுத்தானுங்க எதையும் சொல்ல முடியும்."

"கேளுங்கள். வேண்டாம் என்பார்கள். அவர்கள் யாரும் அந்தக் கப்பலில் இல்லை. எஞ்சின் அறையில் வேலை செய்பவர்கள் மீது எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை. உங்கள் கணவர் அங்கேதானே?"

நாளை இதே நேரம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

எஞ்சின் அறை என்றான். சுக்கான் அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவிதா அதைக் கவனித்தாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று வீட்டில் அவளால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. சொம்பை வாய்வரை கொண்டுபோனாள். ஆளுக்கு ஒரு டம்ளர் என்ற குரல் கேட்டது. சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டாள். என்னம்மா ஆச்சு என்று ஹரிணி மூன்று தடவை கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கதவுகளைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். மகளின் பெயரைத் தெரிந்த ஒருவனை எந்தத் தாழ்ப்பாள் தடுக்கும் என்று உடனே தோன்றியது. ஆனாலும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் கமலாவிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். எஸ்டேட் லயத்துக்குக் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. மூடுபனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு முன்னால் இருக்கும் செடிகூட நிழலாகத்தான் தெரிந்தது.

பாதி வழியில் மேலே எங்கோ வெடி வெடித்தது. ஒன்று. உடனே இன்னொன்று.

கவிதா குனிந்து உட்கார்ந்துவிட்டாள். துப்பாக்கி என்றே நினைத்தாள். பிறகுதான் புரிந்தது. காட்டெருமையை விரட்டுகிறார்கள். ஆனால் விரட்டும் முறை அப்படி இல்லை. மந்தை ஒரு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால், அந்தத் தோட்டக்காரர் சுற்றியுள்ளவர்களுக்கெல்லாம் முதலில் சொல்லி அனுப்ப வேண்டும். எல்லோரும் அவரவர் எல்லையில் தட்டுவதற்குத் தகரத்தோடு நின்ற பிறகுதான் முதல் வெடி. அப்போதுதான் மந்தை காட்டுப் பக்கம் போகும். யாரோ ஒருவர் பொறுமை இல்லாமல், யாருக்கும் சொல்லாமல், தன் தோட்டத்திலிருந்து மட்டும் விரட்டிவிட்டார். அது இப்போது யார் தலையில் இறங்கும் என்று வெடி போட்டவருக்கே தெரியாது.

பனிக்குள் கிளைகள் முறிந்தன. மண் அதிர்ந்தது. கரிய உடம்பு ஒன்று பாதையைக் கடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மூச்சின் சீறல் காதருகே கேட்பதுபோல் இருந்தது. கவிதா ஒரு சில்வர் ஓக் மரத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல், அசையாமல் நின்றாள். கடைசி மாடு நின்று அவள் இருந்த பக்கம் தலையைத் திருப்பியது. நெற்றியும் கொம்பும் மட்டும் பனியில் மிதந்தன. பிறகு அதுவும் சரிவில் இறங்கி மறைந்தது.



பாதை இப்போது காலியாகத்தான் இருந்தது. நடந்திருந்தால் கமலாவின் வீட்டுக்குப் போயிருக்கலாம். கவிதா திரும்பினாள். மந்தை இன்னும் அங்கேதான் நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையில்லை என்று அவளுக்கே தெரிந்தது. கமலாவைக் கேட்டால் என்ன சொல்வாள் என்பதும் தெரியும். எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொல்லலாம் கண்ணு, என்பாள். அந்தப் பதிலைக் கேட்கக் கூடாது என்றுதான் கால்கள் திரும்பின.

பாறையில் ஏறியதும் போன் அடித்தது.

"யோசித்தீர்களா?" என்றான் அவன்.

"எல்லாத்தையும் பத்திரமா அனுப்பிருவீங்களா?"

"பத்திரமாகத்தான் நடத்துவோம்."

அனுப்புவோம் என்று அவன் சொல்லவில்லை. கவிதா கண்ணை மூடிக்கொண்டாள். எஞ்சின் அறையின் சூட்டில், வறண்ட நாக்கோடு சிவக்குமார் படுத்திருப்பதுதான் தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில் வேறு யாரும் தெரியவில்லை.

"கிழக்குப் பக்கமுங்க. தெக்க இருந்து மூணாவது தீவு."

நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டான்.

அன்று முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கவிதா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளே போய் நின்றுகொண்டாள். சோற்றில் உப்பே போடவில்லை என்று ஹரிணி சொன்னாள்.

மறுநாள் காலை ஹரிணி பள்ளிக்குக் கிளம்பாமல் போனோடு ஓடிவந்தாள். செய்தியில் ஒரு படம். எண்ணெய்க் கப்பலின் மேல்தளம். மேலே ஹெலிகாப்டர், அதிலிருந்து தொங்கும் கயிறுகள், கயிற்றில் கறுப்பு உடை மனிதர்கள். விடியலில் பிடித்திருந்தார்கள். எச்சரிக்கைக்காகச் சுட்டதில் சுக்கான் அறைக் கண்ணாடி உடைந்தது என்று போட்டிருந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஐ.நா.வில் கண்டனம் எழுந்ததாகவும், தங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று அந்த நாடு பதில் சொன்னதாகவும் அடுத்த வரியில் இருந்தது.

கவிதா பாறைக்கு ஓடினாள். செருப்புப் போடக்கூட மறந்துவிட்டாள். சிவக்குமாரின் அழைப்பு வர மத்தியானம் ஆனது. பிடித்தவர்களின் போனிலிருந்து பேசினான். தண்ணீர் கொடுத்தார்களாம். எஞ்சின் அறை ஆட்கள், சமையல்காரர், மற்ற எல்லோரையும் இரண்டொரு நாளில் விமானத்தில் ஏற்றிவிடுவார்களாம்.

"சதீசுங்க?" என்றாள்.

கேப்டன், இரண்டு அதிகாரிகள், சதீஷ். சுக்கான் அறையில் இருந்த நான்கு பேரையும் கையில் விலங்கு போட்டுத் தனியாகக் கொண்டுபோய்விட்டார்களாம். அந்த நாட்டுக் கோர்ட்டில் விசாரணையாம். அந்த நேரத்துக்குச் சுக்கானில் நின்றிருக்க வேண்டியவன் வேறொருவன், தண்ணீரில்லாமல் மயங்கி விழுந்தவனுக்குப் பதிலாகத்தான் சதீஷ் நின்றான் என்று சொல்லும்போது சிவக்குமாரின் குரல் உடைந்தது.

எங்கள் இடம் அவர்களுக்கு எப்படித் தெரிந்ததென்றுதான் புரியவில்லை என்றான். பத்திரமாக வந்து சேருங்கள் என்று மட்டும் சொன்னாள் கவிதா.

அவன் வைத்த கொஞ்ச நேரத்தில் கமலக்கண்ணன் கூப்பிட்டார். களைத்த குரல். மூன்று நாடுகளும் சம்மதித்துவிட்டன என்று டெல்லியிலிருந்து தகவல் வந்தபோது கப்பல் பிடிபட்ட செய்தியும் கூடவே வந்ததாம். இன்று சாயங்காலம் துறைமுகத்துக்குள் விடுவதாக இருந்தார்களாம். பத்து மணி நேரம் தாண்டியிருந்தால் போதுமாயிருந்தது என்றார். பிறகு, எல்லாக் குடும்பத்தையும் கேட்கிறேன், உங்களையும் கேட்க வேண்டியிருக்கிறது, யாரிடமாவது தனியாகப் பேசினீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றாள் கவிதா.

சொன்ன வேகம் அவளையே திடுக்கிட வைத்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஷேர் ஜீப் ஒன்று வந்து நின்றது. இந்த முறை அது போகவில்லை. இறங்கியது கமலா என்று குரலிலேயே தெரிந்தது. டிரைவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குப்பனூர் வழி என்றால் என்ன, கொட்டச்சேடு என்றால் என்ன என்பது இந்த மலையில் இரண்டே பெண்களுக்குத்தான் தெரியும். கமலாவுக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

கதவு தட்டப்பட்டது. திறக்காமல் இருக்க முடியாது.

கமலா வேலைக் காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் காலில் கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம்.

"உன்ர ஊட்டுக்காரரு எப்ப வர்றாராம்?"

"ரெண்டு நாள்லீங்கக்கா."

"நல்லது. ஒருத்தராச்சும் வந்து சேரட்டும்."

விலங்கு போட்டார்களாமே, நெசமா என்று கேட்டாள். ஆமாம் என்று கவிதா தலையாட்டினாள். எத்தனை வருசம் போடுவார்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் கவிதா. அவன் இட்லியைத் தவிர ஒன்றும் ஒழுங்காகத் தின்ன மாட்டான், அங்கே என்ன போடுவார்களோ என்றாள் கமலா.

"பெரிய நாடு," என்றாள் கடைசியில். "அவங்க யாரக் கேக்கோணும்? இறங்குனாங்க, புடிச்சாங்க. கேள்வி கேக்க ஆளில்ல."

கவிதா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சொம்பு கையில் ஆடித் தரையில் தளும்பியது. கமலா அந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு கவிதாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று கவிதாவால் படிக்க முடியவில்லை. கோபமா, இரக்கமா, ஒன்றுமே இல்லையா.

இனி ஒரு நொடிகூடத் தாங்காது என்று தோன்றியது. சொல்லிவிட வேண்டும். கமலாவின் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு..."

கமலா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். காப்பிக்காய் பறித்துக் காய்த்துப்போன கை. பிடி இறுக்கமாக இருந்தது.

"அந்த ஆளு எனக்கும் போன் போட்டான் கண்ணு, எடத்தச் சொன்னா எம் பையன விட்டுருவோம்னான், உன்ர ஊட்டுக்காரரும் அதே கப்பல்லதான இருக்கறாரு, உன்னய ஒரு வார்த்த கேக்காம நான் எப்புடிச் சொல்றதுன்னு வச்சுப்புட்டேன்."